முக்காற்புள்ளி

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை இரவு ஒன்றரைக்கு
முப்பத்தேழு தேயிலை ஃபேக்டரிகளின் சர்வர்களுக்கு
நான் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் கிளம்பும்.
ஒவ்வொரு வாசலிலும் நிற்கும்.
'பாஸ்வேர்ட்' என்று உள்ளேயிருந்து கேட்கும்வரை
வாய் திறக்காது.
கேட்டால் பழையதைச் சொல்லும். புதியதைச் சொல்லும்.
புதியதை இன்னொருமுறை சொல்லும்.
பதினெட்டு எழுத்து. அது என்னவென்று
எனக்கே தெரியாது.

இன்று முப்பத்தாறு முடிந்தன.
மஞ்சூருக்குக் கீழே ஒன்றில் மட்டும்
முப்பது விநாடி நின்றுவிட்டு
'நேரம் முடிந்தது' என்று திரும்பி வந்துவிட்டது.
மறுபடி அனுப்பினேன். மறுபடி முப்பது விநாடி.

கோத்தகிரியில் மழை.
ஐப்பசி மழைக்கு இங்கே அவசரமே கிடையாது.
குந்தா பாலத்துக்கு அப்புறம் மண் சரிந்து
நேற்று மதியத்திலிருந்து பஸ் இல்லை.
நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று
சும்மா சொல்லிவைக்கக்கூட வழியில்லை.

ஹீட்டரில் ஒரு கம்பிதான் எரிகிறது.
போர்வைக்குள்ளிருந்து விரல்களை மட்டும் வெளியே விட்டுத்
தேடினேன்.
லைன் இருக்கிறது. பிங் போகிறது,
கொண்டை ஊசி வளைவெல்லாம் எண்ணிக்கொண்டு போவதுபோல,
ஆனாலும் போகிறது.
கையால் போட்டுப் பார்க்கப் பயம்.
பழையது செல்லுமா புதியது செல்லுமா தெரியாது,
மூன்று முறை தப்பினால் கணக்கு பூட்டிக்கொள்ளும்,
காலை ஏழுக்கு இலை வந்துவிடும் எடைக்கு.

பதிவேட்டில் அந்த வாசல் சொன்னதாக
ஒரே ஒரு வரி:
?????????? :
குப்பை என்று தள்ளினேன், இரண்டு தடவை.

ஜோகியை எழுப்பினேன். அவர் தூங்கவில்லை.
இலை வாட்டும் தொட்டிகளின் விசிறிச் சத்தத்தில்
அவர் குரல் ஒன்றுவிட்டு ஒன்றாக வந்தது.
"ஸ்கிரீன்ல என்ன கேக்குது அண்ணா?"
"கடவுள்..."
"என்ன?"
"இருங்க, கண்ணாடி போடறேன்.
கடவுச் சொல். தமிழ்ல கேக்குதுங்க."

மாற்றங்களின் பட்டியலைத் திறந்தேன்.
செப்டம்பர் பதினேழு, மாலை ஐந்து ஐம்பது.
கணினி மொழி: தமிழ்.
மாற்றியவர்: ரெ. அமுதவல்லி.
நான்தான்.

எடை மேசை புஷ்பலீலா அன்று சொன்னது நினைவிருக்கிறது.
"இலை கொண்டு வர்றவங்க பில்லை என்கிட்டயே நீட்டி
வாசிம்மாங்கிறாங்க.
அவங்களே வாசிச்சா, ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிச்சோம்னு
சண்டையாவது நேரா போடுவாங்க."
சிரித்தேன், ஒரு கட்டத்தில் டிக் போட்டேன்,
நாலரை பஸ்ஸை விட்டிருந்தேன், அடுத்ததைப் பிடிக்க ஓடினேன்.

அன்றிலிருந்து அந்த வாசல்
தன் மொழியில் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறது.
என் ஆள்தான்
தனக்குத் தெரிந்த ஒரே சொல்லுக்குக் காது கொடுத்து
முப்பது விநாடி
அடித்துவைத்த முளைபோல் நின்றிருக்கிறான்.

மொழியைத் திருப்பிப் போடலாம். அரை நிமிட வேலை.
காலையில் பில்லும் திரும்பிப்போகும்.
விரல் அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு, மீண்டும் அந்தக் குப்பை வரி.
பத்துக் கேள்விக்குறிகளுக்கு அப்பால்
சிதையாமல் இருந்த ஒன்று.
எந்த மொழியில் கேட்டாலும்
கேட்டு முடித்ததும் வைக்கிற இரண்டு புள்ளி.

ஸ்கிரிப்டில் 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லை அழித்தேன்.
முக்காற்புள்ளிக்குக் காத்திரு, அது போதும்.

இரண்டு நாற்பத்திரண்டு. அனுப்பினேன்.
நின்றது. கேட்டது. சொன்னது.
சொன்னது. இன்னொருமுறை சொன்னது.
முப்பத்தேழு.

"ஆச்சுங்களா? நான் போய் இலையைப் புரட்டணும்."
"ஆச்சு அண்ணா."
"என்னதான் ரிப்பேர்?"
என் பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள்
லைன் போய்விட்டது.

மழை சற்று விட்டிருந்தது.
ஜன்னலைத் துடைத்தேன். எதிர்ச்சரிவில் மூடுபனிக்குள்
மேல்வீட்டில் ஒரு விளக்கு,
நேர்கீழே இன்னொரு வீட்டில் ஒன்று.
யார் விழித்திருக்கிறார்களோ.
நான் ஹீட்டரை அணைத்தேன்.